கால் வீக்கம் வீட்டு விஷயம் மட்டுமல்ல

1940 செப்டம்பரில் ஜெர்மானிய விமானங்கள் லண்டன்மீது இரவு தவறாமல் குண்டு வீசத் தொடங்கின. மக்கள் பதுங்கிடங்களில் இரவைக் கழித்தார்கள். படுக்க இடமில்லை, துணி கட்டிய மடக்கு நாற்காலிகளில் உட்கார்ந்தபடியே விடியும்வரை தூங்கினார்கள். குண்டுக்குத் தப்பிய அவர்களில் சிலர் காலையில் எழுந்து நாலடி வைத்ததும் மூச்சு முட்டி விழுந்து இறந்துபோனார்கள். பிரேதப் பரிசோதனை செய்த கீத் சிம்ப்சன் என்ற தடயவியல் மருத்துவர், அவர்களுடைய நுரையீரல் ரத்தக் குழாய்கள் ரத்தக்கட்டியால் அடைபட்டிருப்பதைக் கண்டார். முந்தைய ஆண்டின் அதே மாதங்களோடு ஒப்பிட்டால் இத்தகைய சாவுகள் பல மடங்கு கூடியிருந்தன. நாற்காலியின் முன்கட்டை தொடையின் அடிப்பகுதியை மணிக்கணக்கில் அழுத்தியதால் காலில் ரத்தம் தேங்கி உறைந்திருக்கிறது. எழுந்து நடந்ததும் அது பெயர்ந்து மேலே போயிருக்கிறது. அந்த ஆண்டே 'லான்செட்' இதழில் இதை எழுதிய சிம்ப்சன், பதுங்கிடங்களுக்குப் படுக்கைகள் வேண்டும் என்றார். அடுக்குப் படுக்கைகள் வந்தன.

அந்த மக்களிடம் உணவைக் குறையுங்கள், உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று யாரும் அறிவுரை சொல்லவில்லை. நாற்காலியை மாற்றினார்கள். ரத்த உறைவைப் பற்றி இன்று நாம் பேசும்போது விட்டுப்போவது இந்தப் பக்கம்தான்.

நம் ஊரில் ரத்தக் குழாய் அடைப்பு என்றதும் பேச்சு நேராகக் கொழுப்புக்கும் எண்ணெய்ப் பலகாரத்துக்கும் நடைப்பயிற்சிக்கும் போய்விடுகிறது. நோய் வந்தவர் உடம்பைக் கவனித்துக்கொள்ளவில்லை என்று முடித்துவிடுகிறோம். இதயத்துக்குப் போகும் தமனிகளின் அடைப்பைப் பொறுத்தவரை அதில் ஓரளவு நியாயம் உண்டு. ஆனால் சிரைகளில், அதாவது உடம்பிலிருந்து இதயத்துக்கு ரத்தத்தைத் திருப்பிக் கொண்டுவரும் குழாய்களில் உண்டாகும் உறைவுக்கு அந்தக் கணக்குச் செல்லாது. இடுப்பெலும்பு அறுவை முடிந்து படுத்திருக்கும் பெரியவர், பிள்ளை பெற்றுப் பத்து நாளான பெண், காலில் மாவுக்கட்டுப் போட்டிருக்கும் கல்லூரி மாணவர் ஆகியோருக்கு வரும் உறைவு தின்ற பலகாரத்தால் வருவதில்லை. அவர்கள் இருந்த நிலையும் இடமும் அதைக் கொண்டுவருகின்றன. அந்த நிலையை உண்டாக்குவதில் மருத்துவமனைக்கும் முதலாளிக்கும் மருந்துக்கடைக்கும் வீட்டாருக்கும் அரசுக்கும் பங்கிருக்கிறது. தடுக்கும் பொறுப்பையும் அப்படித்தான் பங்கிட்டுக்கொள்ள வேண்டும்.

முதலில் நோயைச் சரியாகப் புரிந்துகொள்வோம். ரத்தம் உறைவது உடம்புக்குக் கிடைத்த வரம். கத்தி பட்ட விரலில் சில நிமிடங்களில் ரத்தம் நிற்பது, தட்டணுக்கள் ஒட்டிக்கொண்டு அடைப்பதாலும் ஃபைப்ரின் என்ற புரத இழைகள் அதன்மேல் வலையாகப் பின்னுவதாலும்தான். இதே வேலை குழாய் கிழியாதபோது, தேவையில்லாத இடத்தில் நடந்தால் ஆபத்து. தமனியின் உட்சுவரில் படிந்த கொழுப்புத் திட்டு வெடித்து அதன்மேல் கட்டி உருவானால் மாரடைப்போ பக்கவாதமோ வரும். சிரையின் கதை வேறு. காலிலிருந்து ரத்தம் மேலே ஏற இதயத்தின் உந்துதல் போதாது. ஒவ்வோர் அடி எடுத்து வைக்கும்போதும் கெண்டைக்கால் தசை சுருங்கி அதை மேலே தள்ளுகிறது. தள்ளிய ரத்தம் கீழே இறங்காமல் தடுக்கச் சிரைகளுக்குள் சின்னச்சின்ன வால்வுகள் உண்டு. தசை வேலை செய்யாதபோது அந்த வால்வுகளின் இடுக்குகளில், தண்ணீர் ஓடாத வாய்க்காலின் மதகடியில் வண்டல் படிவதைப்போல, உறைவு தொடங்கி அடுக்கடுக்காக வளர்கிறது.

அடையாளங்கள் எளிமையானவை; அதனாலேயே அலட்சியப்படுத்தப்படுகின்றன. ஒரு கால் மட்டும் வீங்கும். கெண்டைக்காலோ தொடையோ வலிக்கும், தொட்டால் சூடாக இருக்கும், நிறம் கறுத்தோ சிவந்தோ தெரியும். இரண்டு காலும் சேர்ந்து வீங்கினால் பெரும்பாலும் வேறு காரணம் இருக்கும். ஒற்றைக் கால் வீக்கத்தைத்தான் சந்தேகிக்க வேண்டும். அந்தக் கட்டி பெயர்ந்து நுரையீரலுக்குப் போனால் திடீரென்று மூச்சு வாங்கும், மூச்சை இழுக்கும்போது மார்பில் குத்தும், நெஞ்சு படபடக்கும், சிலருக்கு இருமலில் ரத்தம் வரும், சிலர் மயங்கி விழுவார்கள். அப்போது வீட்டில் கஷாயம் வைத்துக்கொண்டிருக்க நேரமில்லை, 108ஐ அழைக்க வேண்டும். தமனி, சிரை இரண்டிலும் உண்டாகும் உறைவுகளைச் சேர்த்துப் பார்த்தால், உலகில் நிகழும் மரணங்களில் ஏறத்தாழ நான்கில் ஒன்றுக்கு ரத்த உறைவே காரணம் என்று இத்துறையின் பன்னாட்டு மருத்துவர் அமைப்பு மதிப்பிடுகிறது.

நுரையீரலில் காணப்படும் கட்டி அங்கேயே விளைந்ததல்ல, கால் சிரையிலிருந்து அடித்துக்கொண்டு வரப்பட்டது என்று 19ஆம் நூற்றாண்டின் நடுவில் நிறுவியவர் ஜெர்மானிய மருத்துவர் ருடால்ஃப் விர்ச்சோ. அவர் பிறந்த அக்டோபர் 13தான் 2014 முதல் உலக ரத்த உறைவு நாள். ரத்த ஓட்டம் தேங்குதல், குழாய்ச் சுவர் சிதைதல், ரத்தமே உறையும் குணம் மிகுதல் என்ற மூன்று காரணங்களையும் மருத்துவ மாணவர்கள் இன்றும் அவர் பெயரால்தான் படிக்கிறார்கள். அதே விர்ச்சோ, 1848இல் மேல் சைலீசியா என்ற பகுதியில் டைபஸ் காய்ச்சல் பரவியபோது அரசு அனுப்பிப் போய்ப் பார்த்துவிட்டு, இங்கே தேவை மருந்து மட்டுமல்ல, கல்வியும் சுயாட்சியும் வறுமை ஒழிப்பும்தான் என்று அறிக்கை கொடுத்தவர். இந்த இரண்டு விர்ச்சோக்களையும் சேர்த்தே நாம் படிக்க வேண்டும் என்று நினைக்கிறேன். ரத்தம் ஏன் தேங்கியது என்ற கேள்வி கெண்டைக்காலோடு நின்றுவிடுவதில்லை.

மருத்துவமனையிலிருந்து தொடங்குவோம். சிரை உறைவுகளில் பாதிக்கு மேற்பட்டவை, நோயாளி மருத்துவமனையில் இருக்கும்போதோ வீடு திரும்பிய மூன்று மாதங்களுக்குள்ளோ வருபவை. ஏதாவதோர் எலும்பு முறிவு வார்டுக்குள் போய்ப் பாருங்கள். கட்டிலில் தொடையெலும்பு முறிந்த பெரியவர். பக்கத்தில் ஸ்டூல் போட்டு மகளோ மருமகளோ. “அசையாம படுங்கப்பா, டாக்டர் திட்டுவாரு” என்று அவரை அதட்டிக்கொண்டே இருப்பார்கள். பாசத்தில் சொல்வதுதான். முறிந்த காலை அசைக்கக்கூடாது, சரி. ஆனால் மற்றக் காலின் பாதத்தை மணிக்கொரு தடவை மேலும் கீழும் பத்து முறை மடக்கி நீட்டலாம், தடுப்பு ஊசி தேவையா என்று மருத்துவரிடம் கேட்கலாம் என்று அந்த மகளிடம் யாராவது சொன்னார்களா? நர்ஸ் ஒருவர் எத்தனை கட்டிலைக் கவனிக்கிறார் என்பதைப் பார்த்தால், ஏன் சொல்லவில்லை என்று அவரைக் குறை சொல்லவும் மனம் வராது.

32 நாடுகளின் மருத்துவமனைகளில் நடத்தி 2008இல் 'லான்செட்' வெளியிட்ட ஆய்வில், உள்நோயாளிகளில் பாதிப் பேருக்கு ரத்த உறைவு வரும் அபாயம் இருந்தது. அவர்களிலும் பாதிப் பேருக்குத்தான் முறையான தடுப்புச் சிகிச்சை கிடைத்திருந்தது. அதில் பங்கெடுத்த இந்திய மருத்துவமனைகளில் ஐந்தில் ஒருவருக்குக்கூடக் கிடைக்கவில்லை. ஆசியர்களுக்கு இந்த நோய் அபூர்வம் என்ற பழைய நம்பிக்கை மருத்துவர்களிடையே நெடுங்காலம் இருந்தது ஒரு காரணம். தேடாததால் நோய் கண்ணில் படவில்லை, அவ்வளவுதான். வேலூர் சி.எம்.சி. மருத்துவர்கள் பத்தாண்டுப் பதிவுகளை ஆராய்ந்து எழுதிய கட்டுரை அந்த நம்பிக்கையை உடைத்தது.

இங்கிலாந்து என்ன செய்தது என்பதை நம் சுகாதாரத் துறை கவனிக்கலாம். மருத்துவமனையில் வரும் தடுக்கக்கூடிய சிரை உறைவால் ஆண்டுக்கு 25,000 பேர் இறப்பதாக 2005இல் அந்நாட்டு நாடாளுமன்றக் குழு கணக்கிட்டது. 2010இல் விதி வந்தது: அனுமதிக்கப்படும் பெரியவர்களில் குறைந்தது 90 சதவீதம் பேருக்கு உறைவு அபாயம் உண்டா என்று ஒரு தாளில் மதிப்பிட்டிருக்க வேண்டும், இல்லையென்றால் மருத்துவமனைக்கு வரும் பணத்தில் கொஞ்சம் குறையும். புது இயந்திரம் எதுவும் வேண்டியிருக்கவில்லை. ஒரு தாள், அதை நிரப்பும் பழக்கம், நிரப்பினார்களா என்று பார்க்கும் ஓர் அதிகாரி. அந்தத் தாளில் ரத்தக்கசிவு அபாயத்துக்கும் ஒரு கட்டம் உண்டு. ரத்தம் உறைவதைத் தடுக்கும் ஹெப்பாரின் ஊசி எல்லோருக்கும் போடுவதற்கானது அல்ல, சிலருக்கு அதுவே ரத்தப்போக்கை உண்டாக்கும். சிலருக்கு இறுக்கமான காலுறை போதும், பலருக்கு அறுவை முடிந்த மறுநாளே கைத்தாங்கலாக எழுப்பி நடக்கவைத்தால் போதும். யாருக்கு எது என்பதை யோசிக்கவைப்பதுதான் அந்தத் தாளின் வேலை. தனியார், அரசு என்ற வேறுபாடில்லாமல் தமிழ்நாட்டின் ஒவ்வொரு மருத்துவமனையிலும் இதைக் கட்டாயமாக்கலாம். டிஸ்சார்ஜ் சீட்டிலும், ஒரு கால் வீங்கினாலோ மூச்சு வாங்கினாலோ உடனே வரவும் என்று தமிழில் இரண்டு வரி அச்சடிக்கலாம்.

வீட்டாரின் பங்கு அந்தச் சீட்டு கைக்கு வந்த பிறகு தொடங்குகிறது. கால் வலிக்கிறது என்றால் எண்ணெய் காய்ச்சி உருவிவிடுவது நம் அன்பின் முதல் வடிவம். டெல்லியில் 2016இல், கணுக்காலில் அடிபட்டு மாவுக்கட்டுப் போட்டிருந்த இளைஞர் ஒருவருக்குக் கட்டுப் பிரித்த பின்னும் வலி விடவில்லை. தாய் எண்ணெய் தேய்த்து உருவிவிட்டபோது, உள்ளே இருந்த கட்டி பெயர்ந்து நுரையீரலை அடைத்து அவர் இறந்தார் என்று எய்ம்ஸ் தடயவியல் மருத்துவர்கள் பதிவுசெய்திருக்கிறார்கள். அந்தத் தாயைவிடத் துயரப்பட்டவர் யார் இருக்க முடியும்? அவரிடம் முன்கூட்டியே ஒரு வார்த்தை சொல்ல ஆளில்லாமல் போனதுதான் என் வருத்தம். வீங்கிய ஒற்றைக் காலை, குறிப்பாகக் கட்டுப் பிரித்த காலை, ஸ்கேன் பார்க்காமல் உருவக்கூடாது.

பிள்ளை பெற்ற பெண்களைப் பற்றிக் கூடுதலாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. பேற்றின்போது ரத்தப்போக்கு மிகாமல் இருக்கவே இயற்கை கர்ப்பிணியின் ரத்தத்துக்கு உறையும் குணத்தைக் கூட்டித் தருகிறது. குழந்தை பிறந்து ஆறு வாரம்வரை அது நீடிக்கும். அபாயம் மிக அதிகமாக இருப்பதும் அந்த ஆறு வாரத்தில்தான். அறுவைப் பேறு அதை இன்னும் கூட்டும். 2019–21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் பேறுகளில் 44.9 சதவீதம் அறுவைப் பேறு. இந்த நிலையில் நம் வீடுகளில் என்ன நடக்கிறது? பச்சை உடம்புக்காரி தண்ணீர் நிறையக் குடித்தால் வயிறு போட்டுவிடும் என்று அளந்து கொடுக்கிறோம். காற்று படக்கூடாதென்று காதில் பஞ்சு வைத்து அறைக்குள் படுக்கவைக்கிறோம். உடம்பில் நீர் வற்றி, நடமாட்டமும் நின்று, ரத்தசோகையும் சேர்ந்தால் மூளையின் சிரைகளில்கூட ரத்தம் உறையும். பேற்றுக்குப் பின் வரும் இந்த மூளைச் சிரை உறைவை இந்திய நரம்பியல் மருத்துவர்கள் பல பத்தாண்டுகளாக எழுதி வருகிறார்கள். தாங்க முடியாத தலைவலி, வாந்தி, பிறகு வலிப்பு. அதை ‘ஜன்னி’ என்று சொல்லி மந்திரிக்கக் கூட்டிப்போன காலம் முழுதாகக் கழிந்துவிடவில்லை.

பத்தியச் சாப்பாட்டையோ பெரியவர்களின் பக்குவத்தையோ நான் எதிர்க்கவில்லை. அம்மாவும் மாமியாரும் பார்த்துக்கொள்வதுபோல எந்த மருத்துவமனையும் பார்த்துக்கொள்ளாது. தண்ணீரை மட்டும் தடுக்காதீர்கள்; வீட்டுக்குள்ளாவது நடக்கவிடுங்கள். தலைவலி என்றோ மூச்சு முட்டுகிறது என்றோ அவள் சொன்னால் நம்புங்கள். டென்னிஸ் வீராங்கனை செரீனா வில்லியம்ஸுக்கு ஏற்கெனவே நுரையீரலில் ரத்தம் உறைந்த வரலாறு உண்டு. 2017இல் அறுவைப் பேறு முடிந்த மறுநாள் மூச்சு முட்டியபோது ஸ்கேன் எடுங்கள், ஹெப்பாரின் கொடுங்கள் என்று அவரே கேட்டார். வலி மருந்தால் குழம்பிப் பேசுகிறார் என்று நர்ஸ் நினைத்தார். அவர் விடாமல் வற்புறுத்தியதால்தான் கடைசியில் நுரையீரல் கட்டிகள் தெரியவந்தன. உலகம் அறிந்த செல்வந்தப் பெண்ணுக்கே இந்த நிலை என்றால், கிராமத்திலிருந்து வந்து பேச அஞ்சும் ஒரு பெண்ணின் சொல் எங்கே ஏறும்?

பெண்கள் சம்பந்தப்பட்ட இன்னொன்றைப் பத்திரிகைகள் போதுமான அளவு எழுதுவதில்லை. கல்யாணம், கிரகப்பிரவேசம், திருப்பதிப் பயணம் என்று வந்தால் மாதவிலக்கைத் தள்ளிப்போட மாத்திரை வாங்குகிறோம். மெடிக்கல் ஷாப்பில் பெயரைச் சொன்னால் போதும், கேள்வியே இல்லாமல் அட்டையைக் கிழித்துக் கொடுத்துவிடுவார்கள். அந்த மருந்தில் ஒரு பகுதி உடம்புக்குள் ஈஸ்ட்ரோஜன் வகை ஹார்மோனாக மாறும். ஈஸ்ட்ரோஜன் ரத்தம் உறையும் போக்கைக் கூட்டும். ஆரோக்கியமான பெண்களில் பெரும்பாலோருக்கு நாலைந்து நாள் சாப்பிடுவதால் ஒன்றும் ஆகாது, பயமுறுத்துவது என் நோக்கமில்லை. ஆனால் முன்பே உறைவு வந்தவர், தாய்க்கோ அக்காவுக்கோ வந்திருப்பவர், உடல் எடை மிகுந்தவர், அண்மையில் அறுவை ஆனவர் மருத்துவரைக் கேட்காமல் இதை விழுங்கக்கூடாது. “வீட்டில் யாருக்காவது ரத்தக்கட்டி வந்திருக்கிறதா?” என்று கேட்க மருந்தாளுநருக்கு அரை நிமிடம் போதும். மருந்து வணிகர் சங்கங்கள் தாங்களாகவே இதை ஏற்றுக்கொண்டால் சட்டத்துக்குக் காத்திருக்க வேண்டியதில்லை.

வேலையிடத்துக்கு வருவோம். ஜவுளிக்கடைகளில் காலை பத்து மணிக்கு நின்ற பெண்கள் இரவு கடை சாத்தும்வரை நின்றுகொண்டே இருந்த ஊர் இது. நின்றே இருப்பதால் கால் சிரைகளின் வால்வுகள் பழுதாகி, சிரைகள் சுருண்டு புடைக்கின்றன; இந்த வெரிகோஸ் வெயின் உள்ளவர்களுக்கு உறைவு வரும் வாய்ப்பும் கூடுதல். கேரளம் 2018இலும் தமிழ்நாடு 2021இலும் கடைச் சட்டத்தைத் திருத்தி, ஊழியர் உட்கார இருக்கை தர வேண்டும் என்று ஆக்கின. பெருமைப்பட வேண்டிய சட்டம். ஆனால் ஸ்டூல் சுவரோரம் இருந்து, அதில் உட்கார்ந்தால் சூப்பர்வைசர் முறைக்கிறார் என்றால் சட்டம் இருந்தும் இல்லாததுபோலத்தான். இதில் வாடிக்கையாளருக்கும் வேலை உண்டு. சேலை பார்க்கப் போகிறபோது அந்தப் பெண் உட்கார்ந்திருந்தால் அதை அவமரியாதையாக எண்ணாமல் இருப்பதும், “உட்கார்ந்தே எடுத்துக் காட்டும்மா” என்று சொல்வதும் நம்மால் ஆகும்.

நெடும்பயணத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள். நான்கு மணி நேரத்துக்கு மேல் அசையாமல் உட்கார்ந்து போனால் உறைவு வரும் வாய்ப்பு இரண்டு மடங்காகிறது என்று உலக சுகாதார நிறுவனத்தின் 2007 ஆய்வு சொல்கிறது. ஆரோக்கியமானவர்களில் அது சுமார் 6,000 பேருக்கு ஒருவர் என்ற சிறிய அளவுதான். ஏற்கெனவே அபாயம் உள்ளவர்களுக்கு அப்படியில்லை. சென்னையிலிருந்து நாகர்கோவிலுக்கு இரவுப் பேருந்தில் போகிற பெண்களைக் கேட்டுப்பாருங்கள், மாலையிலேயே தண்ணீர் குடிப்பதை நிறுத்திவிடுவார்கள். வழியில் நிற்கிற இடத்தில் கழிப்பறை எப்படி இருக்கும் என்று அவர்களுக்குத் தெரியும். நெடுஞ்சாலையில் ஒரு சுத்தமான பெண்கள் கழிப்பறை, நீர் வற்றாமல் பயணம் செய்யவும் இறங்கி நடக்கவும் வழி செய்கிறது என்ற வகையில் சுகாதாரத் துறையின் கவலையும்தான்.

கொரோனா காலத்தில் வயிற்றில் போட்ட ஊசி எதற்கென்று பல குடும்பங்களுக்குத் தெரியும். அந்தத் தொற்று ரத்தத்தை உறையவைத்தது. 2024இல் ஆஸ்ட்ராஜெனகா நிறுவனம் தன் தடுப்பூசியால் மிக அரிதாக உறைவு வரலாம் என்று பிரிட்டன் நீதிமன்றத்தில் ஒப்புக்கொண்ட செய்தி வந்ததும், இங்கே அதையே கோவிஷீல்டு என்ற பெயரில் போட்டுக்கொண்டவர்களிடையே பீதி கிளம்பியது. அந்த அரிய விளைவு ஊசி போட்ட சில வாரங்களுக்குள் வருவது. ஆண்டுகள் கழித்து வருவதல்ல. வாட்ஸ்அப்பில் வந்ததை அப்படியே அடுத்தவருக்கு அனுப்பியவர்கள், ஒற்றைக் கால் வீக்கத்தின் அடையாளங்களையும் அதே வேகத்தில் அனுப்பியிருந்தால் எவ்வளவு நன்றாக இருந்திருக்கும்.

நோய் வந்தவர்களுக்கு மருந்து இருக்கிறது, அதுவும் முன்பைவிட மலிவாக. எலி மருந்தாக விற்பனைக்கு வந்து 1950களில் மனிதருக்கு மருந்தான வார்ஃபரின் இன்றும் ஆயிரக்கணக்கானோரைக் காக்கிறது. இதயத்தில் உலோக வால்வு பொருத்தியவர்களுக்கு அந்த வகை மருந்துக்கு மாற்று இல்லை. அளவு கூடினால் ரத்தம் கசியும், குறைந்தால் உறையும், ஆகவே ரத்தம் உறைய எடுக்கும் நேரத்தை அளக்கும் ஐ.என்.ஆர். பரிசோதனை தவறக்கூடாது. கூலி வேலையை விட்டு, பஸ் பிடித்து, மாவட்டத் தலைநகருக்குப் போய் அந்த ஒரு சொட்டு ரத்தத்தைக் கொடுக்க வேண்டும் என்றால் எத்தனை மாதம் ஒருவரால் தொடர முடியும்? வீக்கம் வற்றியதும் மாத்திரையைத் தானாக நிறுத்திவிடுவது பொதுவாக மூன்று மாதமாவது எடுக்க வேண்டிய சிகிச்சையைப் பாதியில் கெடுக்கிறது. ஐ.என்.ஆர். பரிசோதனை வட்டார அளவுக்கு இறங்கி வர வேண்டும்.

முடியாததைக் கேட்கவில்லை. தமனி அடைப்புக்குத் தமிழ்நாடு அரசு செய்து காட்டியிருக்கிறது. 2023இல் தொடங்கிய ‘இதயம் காப்போம்’ திட்டத்தில், நெஞ்சுவலியோடு வருபவருக்கு ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே ஆஸ்பிரின், குளோபிடோகிரெல், அடோர்வாஸ்டாடின் என்று 14 மாத்திரைகள் கொடுத்துப் பெரிய மருத்துவமனைக்கு அனுப்புகிறார்கள். சிரை உறைவுக்கும் அப்படி ஒரு வழித்தடம் வேண்டும். கிராமச் செவிலியர் ஒற்றைக் கால் வீக்கத்தைக் கண்டால் எங்கே அனுப்புவது, தாலுகா மருத்துவமனையில் சிரை அடைப்பைக் காட்டும் டாப்ளர் ஸ்கேன் இரவிலும் ஞாயிற்றுக்கிழமையிலும் கிடைக்குமா, ஸ்கேனுக்குக் காத்திருக்கும் நேரத்தில் முதல் ஊசியைப் போடும் அதிகாரம் யாருக்கு என்பதையெல்லாம் சுகாதாரத் துறை எழுத்தில் வகுத்து, ஒவ்வொரு மாவட்டத்துக்கும் அனுப்ப வேண்டும்.